அப்பா கொண்டுவந்த கட்டுசோறு

எங்கள் அப்பா பலராமனுக்குக் கடையில் வாங்கிக் கொடுக்கத் தெரியாது. கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்த உறவுக்காரர்களுக்கெல்லாம் என் வாயால் பதில் கிடைத்தாகிவிட்டது. அப்பா கடைக்குப் போவார், ஒரு பொருளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், "இத நாமே செஞ்சிடலாம்" என்று சொல்லி வைத்துவிட்டு வந்துவிடுவார். சொன்னபடி செய்தும் விடுவார். அதுதான் பிரச்சினை.

என் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு பாகூர் பக்கம் செலியமேடு, நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். என்னைக் கொடுத்தது வில்லியனூரில், மிக்சி, கிரைண்டர், ஃபேன் விற்கிற வீட்டில். அந்த வீட்டுக்கு அப்பா சீர்த்தட்டில் என்ன வைத்தார் தெரியுமா? பூவரசங்கட்டையில் அவரே செதுக்கிய மத்து. அதுவும் என் இடுப்பு உயரத்துக்கு. மிக்சி விற்கிற வீட்டுக்கு மத்து! மண்டபத்தில் எனக்கு முகம் சிவந்து போனது. என் மாமியார் கோகிலாம்பாள் அதைக் கையில் எடுத்து, தடவிப் பார்த்து, "நல்லா வழவழன்னு இருக்குது" என்று மட்டும் சொல்லிக் கீழே வைத்தார். என் கணவர் கமலக்கண்ணன் இன்றைக்கும் கடையில் மேல்தட்டிலிருந்து அட்டைப்பெட்டி இழுக்க அதைத்தான் தேடுகிறார். ஆக, கடையிலேயே அதிகம் உழைக்கும் சாமான் அதுதான்.

பொருள் மட்டுமில்லை, நேரத்தையும் அப்பா அப்படித்தான் கொடுப்பார். நான் பத்தாவது பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார், எழுந்து போகவும் மாட்டார். நான் தூங்கி விழுந்தால் கயிற்று நுனியால் காதைக் குடைவார். அந்தக் கயிறெல்லாம் எங்கள் மாட்டுக்கு மட்டுமில்லை, தெருவில் இருக்கிற மாட்டுக்கெல்லாம் போயிற்று. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போது என் அம்மா தையலம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அப்பா, நான். நான் கல்யாணமாகிப் போனதும் அப்பா மட்டும்.

போன வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள் அப்பா என்னைப் பார்க்க வில்லியனூருக்கு வந்தார். கூடை நிறையக் கொய்யா, எல்லாம் எங்கள் தோட்டத்தில் காய்த்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கோகிலாம்பாள் அத்தை காபி கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். கடையில் வியாபாரம் பேசிப் பழகிய வாய், சுற்றி வளைக்காது.

"வளைகாப்ப தை மாசம் வச்சிக்கலாம் சம்பந்தி. ஆனா பிரசவத்த இங்கியே பாத்துக்கிறோம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வூட்டுல பொம்பளன்னு யாரும் இல்ல. பச்ச ஒடம்புக்காரிக்கு யாரு பத்தியம் வைக்கிறது? கொழந்தைய யாரு குளிப்பாட்டுறது?"

அத்தை சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு அன்று தாய்வீட்டார் விதவிதமாகச் சோறு கலந்து கட்டுசோறாக எடுத்து வருவார்கள். வளையல் போட்டு, சாப்பாடு போட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். சோற்றை வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பாமல் விட்டால் என்ன அர்த்தம்? அம்மா போனதோடு எனக்குத் தாய்வீடும் போய்விட்டது என்று ஊரறியச் சொன்ன மாதிரி. எனக்கு அப்பாவிடம் போக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அப்பாவுக்கு அதைவிட ஆசை. அவர் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது.

"கேட்டரிங்காரன் ஒருத்தன் இருக்கிறான் மாமா, வளைகாப்புக்கு ஏழு வகை சாதமும் அவனே கொண்டாந்து எறக்கிடுவான்" என்றார் என் கணவர், பேச்சை மாற்ற.

"வேணாம் மாப்ள" என்றார் அப்பா. பிறகு அத்தையைப் பார்த்து, "கட்டுசோறு நானே செஞ்சி எடுத்தாறேன் சம்பந்தியம்மா. அன்னிக்கு சாப்பிட்டுப் பாத்துட்டு, பொண்ண அனுப்புறதா வேணாமான்னு சொல்லுங்க" என்றார்.

அப்பா எதை வேண்டுமானாலும் செய்வார். ஆனால் அதுவரை அவர் அடுப்பில் செய்தது ரசமும் சோறும்தான். அந்த ரசத்தையும் நான் புகழ்ந்து சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. "கல்பனா, புளிக்காய்ச்சல்ல வெந்தயத்த வறுத்துப் போடறதா, அப்டியே போடறதா?" "தேங்காச் சோத்துக்கு உளுத்தம்பருப்பு செவக்கணுமா, கருவணுமா?" கரும்புக்கொல்லையில் நின்றுகொண்டு கேட்பார், பின்னால் காற்று சலசலவென்று அடிக்கும். எங்கள் பக்கத்து வீட்டு காசம்மாள் பெரியம்மாதான் அவருக்கு மேற்பார்வை. பெரியம்மாவுக்கு வீட்டில் மாடு உண்டு, நூறு நாள் வேலை உண்டு, வாய் எப்போதும் உண்டு. அவளும் போன் செய்வாள். "உங்கப்பன் செஞ்ச எலுமிச்சச் சோத்த எங்கூட்டு மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சிடி. ஆனா இந்த வாரம் தேவல" என்பாள். ஒவ்வொரு வாரமும் சமையல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டே வந்தது.

அதற்கு நடுவில் அப்பா இன்னொன்று செய்திருந்தார். என்னிடம் சொல்லவில்லை, பெரியம்மா சொல்லித்தான் தெரியும். எங்கள் கரும்பை வெட்ட ஆட்கள் வரும் முறை மாசியில் விழுந்திருந்தது. எனக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்ததும் மாசியில்தான். அப்பா போய், பக்கத்துக் கொல்லைக்காரர் பாக்யராஜுக்குத் தன் முறையைக் கொடுத்துவிட்டு, அவருடைய பின் முறையை வாங்கிக்கொண்டார். பின்னால் வெட்டுகிற கரும்பு வெயிலில் காய்ந்து எடை இறங்கும். கரும்பு போடுகிறவன் யாரும் தெரிந்தே செய்யாத காரியம். பாக்யராஜ் சித்தப்பாவே, "அண்ணே, யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டாராம். "பொண்ணு வந்தாலும் வருவா" என்றாராம் அப்பா. வருவேன் என்று அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

தை மாதம் வளைகாப்பு நாள் வந்தது. கடை வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. அப்பா வெள்ளை வேட்டியில், பின்னால் பாத்திரங்களுக்கு நடுவில், ஒன்றும் சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். காசம்மாள் பெரியம்மா முன்சீட்டிலிருந்து மகாராணி மாதிரி இறங்கினாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று பாத்திரம் பாத்திரமாக இறங்கின. ஒவ்வொன்றின் வாயையும் வாழையிலையால் மூடி, தானே திரித்த கயிற்றால் கட்டியிருந்தார். முடிச்சைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மாடே அவிழ்க்க முடியாத முடிச்சு அது.

பெண்கள் எனக்குச் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். அப்பா வெளியே செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே வரச் சொல்லி என் கணவர் கூப்பிட்டும், "இருக்கட்டும் மாப்ள, பொம்பளைங்க சமாச்சாரம்" என்று அங்கேயே நின்றுகொண்டார். ஆனால் இலை போட்டதும் அவர் கழுத்து நீண்டுவிட்டது.

முதலில் புளிச்சோறு வைத்தார்கள். நிறம் பார்க்க அப்படி இருந்தது, கடலை நிறைய, நல்லெண்ணெய் மின்ன. என் மாமியாரின் ஓரகத்தி செல்வகுமாரி முதல் வாயை எடுத்து வைத்தார். வைத்தவர் அப்படியே நிறுத்தி, தண்ணீர் டம்ளரைத் தேடினார். அடுத்த வரிசையிலும் ஒருத்தி டம்ளரைத் தேடினாள். நான் ஒரு பருக்கையை வாயில் போட்டேன். உப்பு. கடல் தண்ணீரில் பிசைந்த மாதிரி உப்பு.

"இதுக்குத்தான் வூட்டுல ஒரு பொம்பள வேணுங்கிறது" என்றார் செல்வகுமாரி சின்னத்தை, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. வாசல் வரைக்கும் கேட்டது.

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அந்தச் சோற்றை அப்படியே அள்ளி அள்ளித் தின்றுவிடலாமா என்று தோன்றியது. இலையில் கையை வைத்துவிட்டேன். அத்தை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வயித்துப்புள்ளைக்காரி இவ்ளோ உப்பு தின்னக் கூடாது" என்றவர், வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "சம்பந்தி, செத்த உள்ள வாங்க."

அப்பா வந்து நின்றார்.

"உப்பு ரெண்டு மடங்கு இருக்குது. ருசி பாக்கலியா?"

"எப்டிப் பாக்கறது சம்பந்தியம்மா" என்றார் அப்பா. "பொண்ணுக்கு வர்ற சீர்ச் சோறு. எச்சில் படலாமா? ஒண்ணையும் வாயில வைக்கல. காலைல இருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல."

காசம்மாள் பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் தாம்மா! தம்பி முந்தாநாளே புளிக்காய்ச்சல்ல உப்பு போட்டு வச்சிருக்குது. எனக்குத் தெரியல. சோத்த ஆற வச்சிக் கெளர்றப்ப நான் ஒரு கை போட்டுட்டேன். ரெண்டு பேருமே வாயில வச்சிப் பாக்கல. எப்டிப் பாக்கறது, சாமிக்குப் படைக்கிற மாதிரி இல்ல செஞ்சோம்!"

அத்தை எழுந்து சமையலறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குண்டான் நிறைய வெறும் சோறு, ஆவி பறக்க. அடுத்த பந்திக்காக வடித்து வைத்திருந்தது. பெரிய தாம்பாளத்தில் அந்தச் சோற்றைக் கொட்டி, மேலே அப்பாவின் புளிச்சோற்றைக் கவிழ்த்து, நல்லெண்ணெய் ஊற்றி, முழங்கை வரை வளையலை ஏற்றிவிட்டுக்கொண்டு பிசைய ஆரம்பித்தார். கடையில் ஒரு பெட்டியைக் கூடக் குனிந்து எடுக்காத மனுஷி. சுடச்சுடப் பிசைந்ததில் கை சிவந்துவிட்டது.

ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். "நான் மாமியாக்காரி, நான் ருசி பாத்தா குத்தமில்ல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "புளி, வெந்தயம், பெருங்காயம் எல்லாம் அளவா இருக்குது. உப்பு மட்டும்தான் ரெண்டு வூட்டுக்கும் சேத்துப் போட்டுட்டாரு. இப்ப சரியாயிடுச்சி. செல்வகுமாரி, இப்ப சாப்பிட்டுட்டுப் பேசு."

சின்னத்தை சாப்பிட்டார். இரண்டாவது தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். பேசவில்லை.

அத்தை அப்பாவிடம் திரும்பினார். "பத்தியம் யாரு வைப்பா?"

"நானு. பெரியக்கா சொல்லிக் குடுத்துருக்காங்க."

"துணி தொவைக்கிறது?"

"நானு."

"கொழந்தையக் குளிப்பாட்டுறது?"

"நானு" என்றார் அப்பா. பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. "பழகிட்டேன் சம்பந்தியம்மா" என்றார். யாரிடம், எப்படிப் பழகினார் என்று யாரும் கேட்கவில்லை. காசம்மாள் பெரியம்மா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை பிசைந்த சோற்றுத் தாம்பாளத்தைக் காட்டினார். "இவ்ளோ செஞ்சிட்டு ஒரு பருக்க வாயில போடல. இந்தப் பொறுமை எங்கூட்டுல ஒருத்தருக்கும் கெடையாது, எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். "கூட்டிக்கினு போங்க. வாராவாரம் ஞாயித்துக்கிழம வந்து பாப்பேன். கொற இருந்துச்சின்னா அன்னிக்கே வண்டியில ஏத்திடுவேன். இப்ப கையக் கழுவிட்டு வந்து, உங்க பொண்ணுக்கு ஒரு வாய் ஊட்டுங்க."

அப்பா என் முன்னால் உட்கார்ந்து ஊட்டினார். இரண்டு வீட்டுச் சோறும் கலந்த புளிச்சோறு. அதைவிட ருசியாக நான் இன்றுவரை ஒன்றையும் சாப்பிடவில்லை, சொன்னால் சொந்தக்காரர்கள் கண் வைப்பார்கள், வைக்கட்டும்.

மாசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செலியமேட்டுக்கு வந்தோம். பூண்டுக்குழம்பும் சுட்ட கருவாடும் அப்பா வேளைக்கு வைத்தார். வேலையெல்லாம் சரிதான், குழந்தையைக் குளிப்பாட்டும் விஷயத்தில்தான் எனக்குப் பயம். தொப்புள்கொடி விழும்வரை துணியால் துடைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஊற்றலாம் என்ற நாள் ஞாயிற்றுக்கிழமையாகப் போயிற்று. அத்தை விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கிவிட்டார்.

தோட்டத்துப் பக்கம், சுவர் மறைப்பில், அப்பா மணைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினார். காய்ப்பு பிடித்த கையில் எண்ணெய் தடவி, குழந்தையை வாங்கிக் கால்களுக்கு நடுவில் படுக்க வைத்தார். தலையை ஏந்திய விதத்தைப் பார்த்ததும் அத்தை வாயைத் திறக்க வந்தவர் மூடிக்கொண்டார். தானே சொம்பை எடுத்து வெந்நீரை ஊற்ற ஆரம்பித்தார். அப்பா குழந்தையின் நெற்றியில் உள்ளங்கையை அணையாக வைத்து, கண்ணில் ஒரு சொட்டு விழாமல் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார். குழந்தை வீறிட்டது.

"அழாத கல்பனா, அழாத. கண்ணுல தண்ணி படாது. அப்பா இருக்கேன்" என்றார்.

அத்தை சொம்பை நிறுத்தினார். "இன்னா சம்பந்தி, கல்பனா உங்க பொண்ணு. இவ பேத்தி. நீங்க இவளுக்கு அப்பனா தாத்தாவா?"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குமேல் காசம்மாள் பெரியம்மாவால் அடக்க முடியவில்லை. "அது பழக்கதோஷம்மா! தம்பி ஐப்பசில இருந்து தெனம் ஒரு சாம்பல் பூசணிக்காய காலு மேல போட்டுக் குளிப்பாட்டிக்கினு கெடந்துச்சி. எண்ண தேய்க்கிறது இன்னா, தண்ணி ஊத்தறது இன்னா! நான் தற்செயலா வேலிப் பக்கம் வந்து பாத்துட்டு, ஆளுக்குப் பைத்தியம் புடிச்சிப் போச்சின்னு ஓடிட்டேன். அதுக்குப் பேரு கல்பனா. 'அழாத கல்பனா'ன்னு காயாண்ட பேசும்!"

அத்தை சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் பாதி தரையில் போயிற்று. "ஒரே காயா?"

"மொத காயி வழுக்கிக் கீழ உழுந்து ஒடஞ்சிடுச்சி" என்றார் அப்பா, உண்மையை மறைக்கத் தெரியாதவர். "அன்னிக்கு நான் சாப்பிடல. ரெண்டாவது காய உழவே விடல."

"போவட்டும், திருஷ்டி கழிஞ்சிது" என்றார் அத்தை. "ரெண்டாவது எங்க? குழம்பு வச்சிட்டீங்களா?"

அப்பா கண்ணால் காட்டினார். வீட்டுக்குள், நெல் மூட்டைக்குப் பக்கத்தில், துணியைச் சுருட்டி வைத்த சும்மாட்டின் மேல் அந்தப் பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்துச் சாம்பலெல்லாம் போய்ப் பச்சைப் பசேலென்று மின்னியது. இத்தனை நாளாக அது சமையலுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் இன்னும் வெட்டவில்லை என்று அப்பாவை இரண்டு முறை திட்டியும் இருக்கிறேன்.

"மனசு வரலம்மா" என்றார் அப்பா. தலை நிமிரவில்லை, கை மட்டும் குழந்தையின் முதுகை நீவிக்கொண்டிருந்தது. "கல்பனா பொறந்ததும் மாசியிலதான். வெட்டு சமயம். விடியறதுக்கு முன்ன கொல்லைக்குப் போனா, இவ தூங்கினப்புறம்தான் வருவேன். தையலுதான் ஒண்டியா எல்லாம் பாத்துச்சி. ஒரு நாளும் நான் இவளுக்குத் தண்ணி ஊத்தல. அதான், பழகறப்ப இவ பேரு வந்துடுச்சி."

அப்போதுதான் எனக்கு அந்த வெட்டு முறையை மாற்றிக்கொடுத்ததன் அர்த்தம் விளங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் கரும்பு வெட்டாமல் நின்று காய்ந்துகொண்டிருந்தது. எனக்காக அவர் செய்தவற்றிலேயே பெரியது அதுதான். மத்தைப் போல அதைத் தட்டில் வைத்துக் காட்டவும் இல்லை. இந்த மனுஷனுக்கு மகளாகப் பிறந்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வேன்? அம்மா இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன்.

அத்தை முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சொம்பை நிரப்பினார். "சின்னவளுக்கு ஆச்சி. உள்ள உக்காந்திருக்கிற பெரியவளுக்கு யாரு தல தொவட்டறது?" என்றார் பூசணிக்காயைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. என் கண்ணில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள அப்பாவுக்கு அப்போது கை காலியாக இல்லை.